எஞ்சினை மாற்றாதீர்கள், கட்டுங்கள்!

மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று மும்பையில் நம்மவர்கள் கூடி வாழும் பகுதிகளில் பழைய கட்டடங்களின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தார்ப்பாய் போர்த்திய ஃபியட் ஒன்று அங்கே நின்றுகொண்டிருக்கக் கூடும். டயர்கள் தரையோடு படுத்திருக்கும். பானெட்டுக்குள் பூனை குட்டி போட்டிருக்கும். "வண்டியை உடனே அகற்றவும்" என்று சொசைட்டி செயலாளர் மூன்றாவது நோட்டீஸ் அனுப்பியிருப்பார்.

அந்த வண்டியை என்ன செய்வது என்பதில் வீட்டில் மூன்று கட்சி இருக்கும். பழைய இரும்புக்குப் போடு என்பது பிள்ளைகள் கட்சி. அப்பா வாங்கிய வண்டி, அப்படியே இருக்கட்டும் என்பது பெரியவர்கள் கட்சி. மூன்றாவது கட்சி அண்மைக் காலத்தில் முளைத்தது. "வெளியே பளபளவென்று பெயின்ட் அடிப்போம், உள்ளே வேறு வண்டியின் எஞ்சினைத் தூக்கி வைப்போம், ஏ.சி.யும் போட்டுக்கொள்ளலாம்" என்பது அதன் வாதம்.

இந்த மூன்று கட்சிக்கும் வெளியே நான்காவதாக ஒரு வழி உண்டு. அந்த எஞ்சினையே கீழே இறக்கி, பிரித்து, அளந்து, புதுப்பித்துக் கட்டி, இருந்த இடத்திலேயே மீண்டும் ஏற்றுவது. இதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. இதற்கான காலம் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மூன்று நகரங்கள், மூன்று வண்டிகள்

சாலையில் தென்பட்ட கார்களை விரல் விட்டு எண்ணிவிடக் கூடிய காலம் ஒன்று இருந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரானது. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. நம் பம்பாயில், குர்லாவில் ஃபியட் தயாரானது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் இத்தாலியின் ஃபியட்டோடு சேர்ந்து கட்டிய வண்டி அது. 1964-இல் '1100 டிலைட்' என்று வந்த அதே வண்டிதான் பின்னர் 'பிரசிடென்ட்' ஆகி, 1974-இல் 'பத்மினி' ஆயிற்று. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கதை பல குடும்பங்களில் உண்டு.

அதன் எஞ்சின் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. நான்கு சிலிண்டர், 68 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டனின் ஓட்டம் 75 மில்லிமீட்டர், மொத்தம் 1089 சி.சி. ஏறத்தாழ 40 குதிரைத் திறன்தான். இன்றைய சிறிய காரே இதைச் சுலபமாக முந்திவிடும். ஆனால் இதில் ஒரு பெருமை உண்டு. பிரிக்க முடியாத பாகம் என்று இதற்குள் எதுவும் கிடையாது. தேய்ந்தால் கடைந்து சரிசெய்யலாம், கடைய இடமில்லாமற் போனால் லைனர் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கையும், அளவுகருவி படிக்கத் தெரிந்த கண்ணும் போதும். மறுபடி மறுபடி கட்டிக்கொள்ளும்படியே செய்யப்பட்ட பொருள் அது.

டாக்சிகள் காப்பாற்றிய கலை

பிரீமியர் நிறுவனம் பத்மினியைத் தயாரிப்பதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. பிறகும் இருபது ஆண்டுகள் இதற்கு உதிரிப் பாகமும் மிஸ்திரிகளும் தட்டில்லாமல் கிடைத்தது எப்படி? கறுப்பு மஞ்சள் டாக்சிகளால்தான். ஆயிரக்கணக்கான டாக்சிகள் இரவும் பகலும் ஓடித் தேய்ந்தன. அவற்றின் எஞ்சின்களைக் கட்டிக்கொடுப்பதே பல பட்டறைகளின் அன்றாடச் சோறாக இருந்தது. அந்த வேலை தொடர்ந்து இருந்ததால் பிஸ்டன் செட் விற்கும் கடையும் இருந்தது, போர் போடும் லேத் பட்டறையும் இருந்தது, தொழில் பழகும் பையனும் இருந்தான். எப்போதோ ஒரு முறை எஞ்சின் வேலை செய்த நம் வீட்டு ஃபியட்டுகள் டாக்சிகளின் நிழலில் பிழைத்துக்கொண்டன.

அந்த நிழல் இப்போது இல்லை. மும்பையில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. கடைசி பத்மினி டாக்சி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 2003 அக்டோபர் 29. ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி மும்பைச் சாலையில் இல்லை. செய்தித்தாள்கள் பிரிவுபசாரம் எழுதின, பலர் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த எஞ்சின்களைக் கட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

கொல்கத்தா அன்பர்களுக்கும் இதே கதைதான். அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அங்கே டாக்சிக்கு 15 ஆண்டு வரம்பு. மஞ்சள் அம்பாசடர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவது கண்கூடு.

எங்கள் வீட்டில் இருப்பது 1971-ஆம் ஆண்டு ஃபியட். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதற்கு எஞ்சின் வேலை வந்தது. அப்போது கிடைத்த மிஸ்திரி அறுபதைத் தாண்டியவர், நாற்பது ஆண்டுகளாக டாக்சி எஞ்சின் ஒன்றையே செய்தவர். காதை வைத்துக் கேட்டே எந்தப் பேரிங் பேசுகிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய பிள்ளைகள் இருவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பட்டறையில் உதவிக்கு இருந்த பையனும் இப்போது மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்குப் போய்விட்டான். அவர் கருவிகளைக் கீழே வைக்கும் நாளில் அவர் கையிலிருக்கும் கலையும் அவரோடு போய்விடும். புத்தகத்தைப் பார்த்து அதைத் திரும்பப் பெற முடியாது. "இன்னும் பத்து ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்தும் வண்டி இருக்கும். கட்டத் தெரிந்த கை இருக்குமா?

வேறு எஞ்சின் ஏன் கூடாது?

"இவ்வளவு பாடு எதற்கு? வேறு எஞ்சினைப் போட்டால் கதை முடிந்தது" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. எங்களுக்கும் ஓரிடத்தில் இந்த யோசனை சொன்னார்கள். அவர்களுக்கு அது சுலபமான வேலை. நமக்குத்தான் மூன்று சங்கடங்கள்.

முதலாவது, பாதுகாப்பு. பழைய ஃபியட்டின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். அந்தப் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஸ்பிரிங்கும் 40 குதிரைத் திறனுக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. இரு மடங்கு வலுவுள்ள எஞ்சினை வைத்துவிட்டால் வண்டி பறக்கும், ஆனால் நிற்காது. மாட்டு வண்டியில் குதிரையைப் பூட்டிய கதையாகிவிடும்.

இரண்டாவது, சட்டம். ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேட்காமல் வேறு எஞ்சினை வைத்தால், தகுதிச் சான்றுக்குப் போகும்போதும் விபத்துக் காப்பீடு கோரும்போதும் சிக்கல் வரும்.

மூன்றாவது, எதிர்காலம். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகள் இதில் பதிவு பெறலாம். எண் பலகையில் மாநில எழுத்துக்களை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை. வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதே எஞ்சினை அதற்குரிய அளவுகளுக்குள் கட்டுவது பழுதுபார்ப்பது. வேறு எஞ்சினைக் கொண்டுவந்து வைப்பது மாற்றுவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இனி காகிதத்திலும் கணக்குக்கு வரும். 1974, 75-இல் பதிவான பத்மினிகள்கூட இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். இந்தப் பதிவு பெற்ற வண்டியைத் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். (தில்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அங்குள்ள அன்பர்கள் அவற்றை விசாரித்துவிட்டே பணத்தை இறக்க வேண்டும்.)

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

எஞ்சினைக் கட்டுங்கள் என்று சொல்கிறேனே தவிர, புகை வந்த உடனே இறக்குங்கள் என்று சொல்லவில்லை. நீண்ட நாள் நின்ற வண்டியை முதலில் ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் ஒட்டிக்கொண்ட ரிங் உடையும், ஆயிரத்தில் முடியும் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

அது சுழலுமானால் கம்ப்ரெஷன் சோதனை. ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. வால்வு மட்டும்தான் என்றால் ஹெட்டைக் கழற்றி சீட் கிரைண்டிங் செய்வதோடு முடிந்துவிடும், எஞ்சினை இறக்கவே வேண்டாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் "முழு எஞ்சின் வேலை" என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இறக்குவது என்று முடிவானால் ஒழுங்குதான் பாதி வேலை. எந்த ஒயர் எங்கிருந்து வந்தது என்று சீட்டுக் கட்டிவைக்க வேண்டும். இப்போது எல்லார் கையிலும் செல்பேசி இருக்கிறது, படமும் எடுத்து வையுங்கள். பேரிங் கேப்புகள் ஒன்றோடொன்று மாறக் கூடாது. எங்கள் மிஸ்திரி பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் பஞ்சால் எண் அடித்துவிட்டார். போரை மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் அளந்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு நீள்வட்டமாகியிருக்கிறது என்று எழுதிவைத்த பிறகுதான் பிஸ்டன் வாங்க வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கிவிட்டு அதற்காகப் போர் போடுவது, செருப்பை வாங்கிவிட்டுக் காலை வெட்டுவது போல. லேத் பட்டறைக்குப் போகும் பிளாக்கில் எஞ்சின் எண் உள்ள இடத்தில் யாரும் உளி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், கார்ப்ரேட்டர் கேஸ்கட் எல்லாவற்றையும் அது அரிக்கும். நிற்கும் வண்டியில் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எஞ்சினைக் கட்டும்போதே இவற்றை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுவது நல்லது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். பழைய வால்வு சீட்டுகளுக்கு ஈயம் ஒரு மெத்தை போல இருந்தது. அது போய்விட்டபடியால், ஹெட் கழன்றிருக்கும்போதே சீட்டுகளின் நிலையைப் பார்த்து, தேவைப்பட்டால் கடினமான சீட் போட்டுவிட வேண்டும்.

ஏற்றும்போது செய்யும் பிழைகள்

நன்றாகக் கட்டிய எஞ்சின் கெடுவது பெரும்பாலும் மீண்டும் ஏற்றும் நாளில்தான். கிளட்ச் பிளேட்டை மையம் பார்த்து உட்காரவைக்காவிட்டால் கியர் பாக்ஸின் ஷாஃப்ட் உள்ளே போகாது. போகவில்லை என்று போல்ட்டைப் போட்டு இழுத்தால் பிளேட் வளையும். செயின் பிளாக்கில் தொங்கும் எஞ்சினின் பாரம் ஒரு கணமும் அந்த ஷாஃப்ட்டின் மேல் விழக் கூடாது. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசை முறையில், இரண்டு மூன்று தவணையாக டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்க வேண்டும். "என் கையே டார்க் ரெஞ்ச்" என்கிற மிஸ்திரியிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையை மறந்தால் ஸ்டார்ட்டருக்குச் செல்லும் மின்சாரம் சோக் கேபிள் வழியாக வழி தேடும், கேபிள் சிவந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ரேடியேட்டர். நாற்பதாண்டு அழுக்கு அடைத்த ரேடியேட்டரைப் புதிதாய்க் கட்டிய எஞ்சின் முன் வைத்தால், மே மாத சயான் நெரிசலில் ஒரே மணி நேரத்தில் போட்ட பணம் ஆவியாகிவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை வெறுமனே சுழற்றிய பிறகே முதல் ஸ்டார்ட். முதல் 500 கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது. பிறகு ஆயிலை மாற்றி, போல்ட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். புது மருமகளை நடத்துவது போல என்றார் மிஸ்திரி. எல்லா வீட்டு மருமகளுக்கும் அந்தக் கொடுப்பினை இருக்கிறதா என்று என் மனைவி கேட்டது வேறு விஷயம்!

எதிர்வாதங்கள்

இதெல்லாம் வீண் செலவு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், பழைய இரும்புக்குப் போட்டால் கிடைக்கும் தொகையைப் போல் பல மடங்கு செலவாகும். பணத்தைக் கணக்கிட்டால் இந்த வேலை எந்தக் காலத்திலும் கட்டாது. ஆகவே, கையில் வசதியில்லாதவர்கள் கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம். வண்டியை அதை விரும்பும் ஒருவரிடம் முழுதாக ஒப்படைப்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. எஞ்சின் பாதி பிரிந்தபடி, பாகங்கள் கோணியில் கிடக்க ஆண்டுக்கணக்கில் போட்டுவைப்பதுதான் அந்த வண்டிக்குச் செய்யும் அவமரியாதை.

சுற்றுச்சூழல் கெடுமே என்பது அடுத்த வாதம். இதை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். புகை வடிகட்டும் கருவி எதுவும் இந்த வண்டிகளில் கிடையாது. அதனால்தான் இவற்றை அன்றாடம் ஓட்டக் கூடாது என்கிறேன். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு காலை, சிறிது தூரம் போதும். அப்படி ஓடும்போதும் எண்ணெயை எரித்து நீலப் புகை கக்குவதைவிட, ஒழுங்காகக் கட்டிய எஞ்சினோடு ஓடுவது நல்லதில்லையா? புகைச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு "பாரம்பரியம்" என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நம்மவர்கள் செய்யக் கூடியது

பழைய வண்டி என்றால் ராஜாக்களும் தொழிலதிபர்களும் வைத்திருக்கும் ரோல்ஸ்ராய்ஸ்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அவற்றைக் காப்பாற்ற அவர்களிடம் பணமும் ஆளும் உண்டு. சம்பளக்காரக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஓடிய ஃபியட்டையும் ஹெரால்டையும் அம்பாசடரையும் யார் காப்பாற்றுவது? பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வண்டிகள் இவை. நாம்தான் செய்ய வேண்டும். இந்த வேலையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் சென்னை செம்பியத்தில்தான் இருக்கிறது. எஞ்சின் வால்வுகளுக்குப் பெயர் பெற்ற ரானேயும் சென்னைதான்.

சங்கம் இதற்குப் பெரிய நிதி ஒன்றும் திரட்ட வேண்டியதில்லை. பழைய எஞ்சின் கட்டத் தெரிந்த மிஸ்திரிகள், நம்பிக்கையான லேத் பட்டறைகள் ஆகியோரின் பட்டியல் ஒன்றை, அவர்கள் சம்மதத்தோடு, உறுப்பினர்களிடம் திரட்டி வைக்கலாம். ஒருவர் வீட்டில் எஞ்சின் இறங்கும்போது, பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் நாலு பேரைப் பக்கத்தில் நிற்க வைக்கலாம். போர் அளவு எடுப்பதை ஒரு முறை கையால் செய்து பார்த்தால், கல்லூரியில் ஒரு பருவம் முழுதும் கேட்டதைவிடக் கூடுதலாகப் புரியும் என்பது என் நம்பிக்கை. மிஸ்திரி சொல்லும் கூலியில் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அவர் நம் வண்டிக்கு மட்டும் அல்ல, தன் தொழிலுக்கும் இன்னும் சில ஆண்டு உயிர் கொடுக்கிறார்.

ஆகவே, வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டே முடிவெடுங்கள். கட்டுவதானால் அதே எஞ்சினை முறையாகக் கட்டுங்கள். முடியாதென்றால் முடிந்தவரிடம் கொடுங்கள். கட்டத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்துவிடுவோம்.